ஆபீசர் சிலுப்பினால் விசா

ராசிபுரத்திலிருந்து சேலம் போகிற பஸ்ஸில் ஏறி, "எம்பசி ஸ்டாப் ஒண்ணு" என்று கேட்டுப் பாருங்கள். கண்டக்டர் சிரிக்க மாட்டார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார். எந்த நாட்டு எம்பசி என்றுகூடக் கேட்க மாட்டார். எல்லா நாட்டுக்கும் அங்கே ஒரே எம்பசிதான். அது ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரே ஒரு ஆபீசர். அவருக்குக் கால்கள் நான்கு.

முன்பு அந்தக் கொட்டகையில் போர்வெல் லாரிகளுக்கு உதிரிச் சாமான் விற்றார்கள். இப்போது வாசலில் பெரிய பலகை: 'சர்வதேச விசா சட்ட ஆலோசனை மற்றும் அருள்வாக்கு மையம்'. பக்கத்தில் கோட்டுப் போட்ட தனசேகரின் படம். அதற்கு மேலே, அவரைவிடப் பெரிதாக, கழுத்தில் டை கட்டிய ஒரு மேச்சேரிச் செம்மறிக் கெடாவின் படம். அதுதான் ஆபீசர்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா, கண்ணுகளா? சாமிக்குக் கெடா வெட்டுவதற்கு முன்னால் அதன்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கெடா உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. சிலுப்பாவிட்டால் சுற்றி நின்று கெஞ்சுவார்கள். கழுத்துப் போகப்போகிறவரிடமே சம்மதம் கேட்கிற மரியாதை வேறு எந்த ஊரில் உண்டு! தனசேகர் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. கத்தி இருந்த இடத்தில் பாஸ்போர்ட்டை வைத்தார். அவ்வளவுதான்.

கோயில் கெடா ஒரு தடவை சிலுப்பினால் மத்தியானம் குழம்பாகிவிடும். இந்தக் கெடா வெள்ளிக்கிழமைதோறும் காலையிலிருந்து சாயங்காலம்வரை சிலுப்பியும் உயிரோடு இருந்தது. கூட்டத்துக்கு அதுவே பெரிய அதிசயமாகப் போயிற்று.

கூட்டமென்றால் அப்படிக் கூட்டம். இன்ஜினியர் வந்தார், இன்ஜினியரைப் பெற்றவர் வந்தார். பட்டு நெய்கிறவர் வந்தார், கோழிப்பண்ணைக்காரர் வந்தார். ஆளுக்கொரு உறைக்குள் பாஸ்போர்ட்டை வைத்து ஒட்டி ஆபீசர் முன்னால் வைக்க வேண்டும். உறையைப் பிரிக்கத் தேவையில்லை. உள்ளே இருப்பது ஆபீசருக்குத் தெரியும். பிறகு தனசேகர் செம்புத் தண்ணீரை எடுப்பார். கனடா என்றால் ஐஸ் தண்ணீர். துபாய் என்றால் வெதுவெதுப்பு. லண்டன் என்றால் மழைத்தண்ணீர். அதற்குத் தனிக் கட்டணம்.

"தல மட்டும் சிலுப்புனா டூரிஸ்ட் விசாங்க," என்று மைக்கில் விளக்குவார். "முதுகும் சேந்து ஆடுனா வேல விசா. வால் வரைக்கும் வந்துருச்சுன்னா குடும்பத்தோட அங்கயே இருந்துக்கலாமுங்க!"

அன்றைக்கு முதல் டோக்கன் அங்காளம்மாளுடையது. மகன் கவினைக் கனடாவுக்குப் படிக்க அனுப்ப வேண்டுமென்று ஒற்றைக் காலில் நிற்கிறவர்.

"ஏனுங் சாமி, போன தடவ ஆபீசர் நல்லாத்தான சிலுப்புனாரு? கனடாக்காரன் இல்லைன்னு லெட்டர் அனுப்பிச்சுப் போட்டானுங்களே!"

"வால் ஆடுச்சாங்கம்மா?" என்று கேட்டார் தனசேகர்.

"வாலக் கவனிக்கலீங்களே."

"அதத்தான் சொல்றனுங்க. வாலக் கவனிக்காம விசாவக் கேட்டா எப்பிடிக் கெடைக்கும்?"

அங்காளம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். கவனிக்காதது தன் குற்றம்தானே! மறுபடியும் டோக்கன் வாங்கினார். மேச்சேரிக் கெடாவுக்கு வால் எத்தனை பெரிசு? உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒரு பையனின் எதிர்காலம் அந்தச் சின்ன இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

கூட்டத்தின் ஓரத்தில் அப்பாவோடு சத்யபிரியா நின்றிருந்தாள். சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை முடிந்து வந்து, கண் எரிய எரிய ஜெர்மன் பாஷை படித்துத் தேறியவள். அங்கே ஒரு மருத்துவமனை வேலையும் கொடுத்துவிட்டது. காகிதங்கள் எல்லாம் சரி. வருகிற திங்கட்கிழமை சென்னையில் விசா நேர்காணல். போகாவிட்டால் அடுத்த தேதி எப்போது கிடைக்குமென்று யாருக்கும் தெரியாது. அதற்குள் மருத்துவமனை வேறு ஆளை எடுத்துக்கொள்ளும். அவளிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். பாஸ்போர்ட்.

அதை அவளுடைய அப்பா சின்னுசாமி பீரோவிலிருந்து எடுத்துக்கொண்டுவந்து இங்கே கொடுத்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. சேந்தமங்கலத்தில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காடு வைத்திருப்பவர். கிணறு வெட்டியதும், பெண்ணுக்குக் காது குத்தியதும் கோயில் கெடா சம்மதித்த பிறகுதான். அவ்வளவு தூரத்துக்கு ஒற்றைப் பெண்ணைக் கெடா சொல்லாமல் எப்படி அனுப்புவார்?

கெடாவோ அவளுக்கு மட்டும் சிலுப்பவே இல்லை. வாராவாரம் தண்ணீர் ஊற்றினார்கள், கல்லைப்போல நின்றது. சிலுப்புகிறவரைக்கும் பாஸ்போர்ட் கொட்டகையின் இரும்புப் பெட்டியில்தான் இருக்க வேண்டுமாம். 'முழு பேக்கேஜ்' என்கிற பெரிய கட்டணத்தைக் கட்டினால் ஆபீசர் மனம் இளகலாமாம்.

"அடுத்தவங்க பாஸ்போர்ட்டப் புடிச்சு வச்சுக்கறதுக்குச் சட்டத்துல எடமில்லீங்க," என்று போன வாரமே அவள் சொல்லிப் பார்த்தாள்.

"அம்மிணி, சட்டம் வெளிய பலகைல இருக்குது," என்றார் தனசேகர். "உள்ள அருள்தான்."

அன்றைக்குச் சாயங்காலம்வரை அங்கேயே நின்று அவள் ஒரு காரியம் செய்தாள். எல்லாரும் கெடாவைப் பார்த்தார்கள். அவள் செம்பைப் பார்த்தாள். பேக்கேஜ் கட்டியவரின் முறை வந்தால் செம்பு தலைப்பக்கம் சாய்ந்தது. தண்ணீர் காதுக்குள் போயிற்று. கட்டாதவரின் முறை வந்தால் செம்பு இடுப்புப் பக்கம் சாய்ந்தது. தண்ணீர் நல்லபிள்ளையாக வழிந்து தரைக்குப் போயிற்று.

காதில் தண்ணீர் புகுந்தால் ஆடு சிலுப்பாமல் பாட்டா பாடும்? அந்தக் கூட்டத்தில் ஆடு வளர்க்காதவர்கள் எத்தனை பேர்? மழை பெய்தால் பட்டியிலிருக்கிற ஆடெல்லாம் வால்வரைக்கும் சிலுப்புவதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவர்கள். அந்தக் கணக்குப்படி ஐப்பசி மாதத்தில் நம் பட்டிகள் மொத்தமும் கனடாவில் குடியேறியிருக்க வேண்டாமா!

இந்த வாரம் அவள் முறை வந்தது. ஒரு மஞ்சள் உறையை ஆபீசர் முன்னால் வைத்தாள்.

"இது எனக்கில்லீங்க. நமக்கு வேண்டியவருக்கு. ஜெர்மனி போகோணும். முழு பேக்கேஜும் கட்டிடறமுங்க."

'முழு' என்ற சொல்லைக் கேட்டதும் தனசேகர் முகம் மலர்ந்தது. செம்பு சாய்ந்தது. ஆபீசர் தலையைச் சிலுப்பியது, முதுகைச் சிலுப்பியது, வாலையும் சேர்த்துச் சிலுப்பியது. மணி அடித்தார்கள். அங்காளம்மாள் பொறாமையில் பெருமூச்சு விட்டார். "குடுத்து வச்ச மகராசன் யாரோ!"

"பிரிச்சுக் காட்டட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு அவளே உறையைக் கிழித்து உயர்த்திக் காட்டினாள். உள்ளே இருந்தது ஆபீசரின் போட்டோ. டை கட்டியது. கீழே எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தாள்: "பேரு, ஆபீசர். பொறந்த ஊரு, மேச்சேரி. தெரிஞ்ச தொழில், அகத்திக்கீரை திங்கறது."

கூட்டம் சிரித்தது. ஆனால் தனசேகர் லேசுப்பட்ட ஆளா?

"பாத்தீங்களா!" என்று மைக்கில் கத்தினார். "உள்ள இருக்கறது தன்னோட படம்னு ஆபீசர் கண்டுபுடிச்சுட்டாரு! அவரே ஜெர்மனி போறாருங்க! அங்க கிளை தொறக்கறோம்!"

கும்பிட்டார்களே, பார்க்க வேண்டும்! பின்னாலிருந்து ஒருவர் மட்டும் கேட்டார்: "அப்ப அடுத்த வெள்ளிக்கெழம இங்க லீவுங்களா?"

சத்யபிரியாவுக்கு ஒரு நிமிஷம் அழுகையே வந்துவிட்டது. பிறகு கோபம் வந்தது. நல்லவேளை, கோபம்தான் உபயோகமானது. தனசேகர் கையிலிருந்த செம்பை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"ஆபீசருங்க, வெளிய இருக்கற டீக்கடை பெஞ்சு ஆஸ்திரேலியா போகுமுங்களா?" காதில் ஊற்றினாள். கெடா சிலுப்பியது.

"இந்தக் கரண்டுக் கம்பத்துக்கு லண்டன்ல வேல கெடைக்குமுங்களா?" கெடா வால்வரைக்கும் சிலுப்பியது. கம்பத்துக்குக் குடும்பத்தோடு விசா!

"ஐயையோ, தோசம் புடிச்ச கை!" என்று தனசேகர் அலறினார்.

"என் கை தோசம்னா எங்கப்பா கை இருக்குது. அப்பா, வாங்க. மொதல்ல முதுகுல ஊத்துங்க."

சின்னுசாமி தயங்கித் தயங்கி ஊற்றினார். கெடா நின்றது.

"இப்பக் காதுல."

கெடா சிலுப்பிய சிலுப்பில் சின்னுசாமியின் சட்டை நனைந்தது. அவர் கையிலிருந்த செம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதற்குள் அங்காளம்மாள் முண்டியடித்து வந்து செம்பை வாங்கினார். "நகருங்க, நான் ஒண்ணு கேக்கோணும். ஆபீசருங்க, இந்தத் தனசேகரு யோக்கியனுங்களா?" ஊற்றினார். அவசரத்தில் தண்ணீர் முதுகில் விழுந்தது. கெடா அசையவில்லை.

"ஆபீசரே சொல்லிட்டாரு! இவன் திருடன்!"

அவ்வளவுதான். கொட்டகை கிடுகிடுத்தது. தனசேகர் பின்பக்கத் தகரத்தை விலக்கிக்கொண்டு ஓடப் பார்த்தார். கோட்டு தகரத்தில் மாட்டிக்கொண்டது. போலீஸ் வரும்வரைக்கும் அந்தக் கோட்டின் மறுமுனையை அங்காளம்மாள் விடவே இல்லை. இரும்புப் பெட்டியை உடைத்தார்கள். ஊர்ப்பட்ட பாஸ்போர்ட்டுகள்! சத்யபிரியாவின் கைக்கும் அவளுடையது வந்து சேர்ந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லையே, கண்ணுகளா. திரும்பிப் பார்க்கிறாள், கெடாவின் முன்னால் வரிசை நிற்கிறது!

"மனுசந்தான் திருடன், ஆபீசர் சத்தியவான்," என்றார் ஒருவர். "இனி நடுவுல ஆளே வேண்டாம். நேரா அவருகிட்டயே கேட்டுக்கலாமுங்க."

வரிசையில் முதல் ஆள் சின்னுசாமி. கையில் செம்பு.

"கண்ணு, ஒரே ஒருக்காக் கேட்டுப் போடலாம்," என்றார் மகளிடம். "காதுலயே ஊத்தறன். அது சிலுப்புமுன்னு எனக்கும் தெரியும். சிலுப்பிருச்சுன்னா நிம்மதியா அனுப்பி வெச்சுருவன்."

அவள் தலையாட்டினால் போதும். விசாவுக்குப் போகலாம், அப்பாவும் சந்தோஷம், ஊரும் சந்தோஷம். சத்யபிரியா பாஸ்போர்ட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொன்னாள்:

"வேண்டாங்கப்பா. காதுல ஊத்துனாச் சிலுப்பும், முதுகுல ஊத்துனாச் சிலுப்பாது. அப்ப முடிவு பண்றது ஆடில்லீங்க. எங்க ஊத்தறதுன்னு நெனைக்கறீங்களே, நீங்கதான். போன்னு சொல்றதானாலும், போகாதன்னு சொல்றதானாலும் உங்க வாயால சொல்லுங்க."

அவர் செம்பையும் மகளையும் மாறிமாறிப் பார்த்தார். கடைசியில் குனிந்து செம்பைக் கெடாவின் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

கெடா மடக்மடக்கென்று குடித்தது. செம்பு காலியான பிறகும் அடியை நக்கியது. அத்தனை வெள்ளிக்கிழமையும் அதன்மேல் குடம் குடமாக ஊற்றினார்களே தவிர, குடிக்க ஒரு வாய் யாரும் கொடுத்திருக்கவில்லை.

"தொண்டை காஞ்சு போயிருந்துருக்குது, பாவம்," என்றார் சின்னுசாமி. பிறகு மகளைப் பார்த்து, "திங்கக்கெழம எத்தன மணிக்குன்ன? ஞாயித்துக்கெழம ராத்திரி பஸ்ஸுக்கே போயிரலாம். நானும் வாரன்," என்றார்.

டையை அவிழ்த்துவிட்டுக் கெடாவைத் தன்னோடு ஓட்டிக்கொண்டு போனார். கிளம்பும் முன் சத்யபிரியா அங்காளம்மாளிடம் கனடாக்காரன் கடிதத்தை வாங்கிப் படித்தாள். படிப்புக்கான பணத்துக்குச் சரியான ஆதாரம் காட்டவில்லை என்று முதல் பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. வந்த நாளிலிருந்து அதை யாரும் படிக்கவில்லை. எல்லாரும் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் கண்ணுகளா, காதில் தண்ணீர் போனால் ஆடுகூடத் தலையைச் சிலுப்பி வெளியே தள்ளிவிடுகிறது. நம் காதில் மைக் வைத்து ஊற்றுகிறார்களே, நாம் எப்போது சிலுப்பப் போகிறோம்?