அமோஸின் கண்கள்

அமோஸ் டீக் செத்து மண்ணாகி வெகுகாலம் ஆன பிறகு, அவனுடைய கண்களை விற்றுவிடுவது என்று ஹார்லன் ப்ரூயிட் தீர்மானித்தான்.

கண்கள் என்றால் இரண்டு வெள்ளி டாலர்கள். அமோஸ், ஹார்லனின் மனைவி லியோட்டாவுக்கு முதல் புருஷன். நெவாடாச் சுரங்கத்தில் மூச்சுத் திணறிப் போனவன். பிணத்தின் இமைகள் மூடமாட்டேன் என்று அடம்பிடிக்க, கண்ணுக்கொரு காசு வைத்து அழுத்தினார்களாம். அந்தக் காசுகள் இப்போது பொத்தான் டப்பாவில் இருந்தன. கல்யாணமான அன்றே லியோட்டா சொல்லிவிட்டாள்: "அதை மட்டும் தொடாத ஹார்லன். அவன் பார்த்துக்கிட்டே இருக்கான்."

ஹார்லனும் தொடவில்லை. ரீனோவிலிருந்து ஒரு நாணய வியாபாரி வந்து ஊர் ஓட்டலில் தங்கும்வரை.

"பழசெல்லாம் பவுன் கிடையாது," என்றார் வியாபாரி. "தலையைப் பார்க்காதீங்க, திருப்புங்க. கழுகு வாலுக்குக் கீழ ரெண்டு 'சி' இருந்தா கார்சன் சிட்டியில அடிச்சது. அதுலயும் 1889ன்னா ஓடி வாங்க. தேய்ச்சுப் பளபளப்பாக்கியிருந்தீங்கன்னா வரவே வராதீங்க."

லியோட்டா சர்ச்சுக்குப் போன நேரம் டப்பா திறந்தது. ரெண்டு 'சி'. 1889. இரண்டிலுமே! ஹார்லன் ஒன்றை மேசையில் சுண்டினான். கிண்ணென்று எழுந்த ஒலி அடங்கவில்லை. பக்கத்து அறையில் யாரோ வாயை மூடிக்கொண்டு பாடுவதுபோல் நீண்டது.

சூதாட்ட விடுதியில் வாங்கிய இரண்டு சாதா டாலர்களை டப்பாவில் போட்டான். அசலை டிரக்கின் கருவிப்பெட்டியில் வைத்துப் பூட்டினான்.

இரவுச் சாப்பாட்டில் லியோட்டா பீன்ஸைப் போட்டபடி, "அமோஸ் வந்திருந்தான்," என்றாள்.

ஹார்லனின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "யா... யாரு?"

"என் அமோஸ்தான். வாசல் நிலையில முட்டிக்கிட்டான். பாவம், கண்ணு தெரியலையாம்."

"செத்தவனுக்குக் கண்ணு எதுக்கு?"

"நானும் அதான் கேட்டேன். யாரோ மாத்தி வெச்சுட்டாங்களாம். ஆளைத் தேடணுமாம். ரொட்டி எடுத்துக்க."

ரொட்டி இறங்கவில்லை. தூக்கம் விடியற்காலையில்தான் வந்தது. எழுந்து பார்த்தால், கூடத்துச் சுவரில் சாம்பல் நிறச் சுரங்கத் தூசியில் கைத்தடங்கள். குருடன் தடவித் தடவி வந்த மாதிரி வரிசையாகப் போய், படுக்கையில் ஹார்லன் படுக்கும் பக்கம் முடிந்தன. ஆளில்லாத அறையிலிருந்து கிண்ணென்று ஒலி. ஓடிப்போய்ப் பார்த்தான். திரைச்சீலைகூட அசையவில்லை.

"கேட்டுச்சா லியோட்டா?"

"என்னது?"

வியாபாரி மாலையில்தான் ஆட்களைப் பார்ப்பார். அதுவரை கொஞ்சம் கண்ணயரலாம் என்று படுத்தான். நன்றாகவே தூங்கிப்போனான். விழிப்பு வந்தபோது இமைகளைத் திறக்க முடியவில்லை. இரண்டின் மேலும் பனிக்கட்டி மாதிரி ஏதோ கனத்தது. எழுந்து உட்கார்ந்தான். மடியில் உருண்டு விழுந்தன இரண்டு டாலர்கள். கழுகு வாலுக்குக் கீழே ரெண்டு 'சி'. பூட்டின் சாவியோ இன்னும் அவன் பையிலேயே இருந்தது.

"லியோட்டா! இதை எடுத்துட்டுப் போ! வித்துத் தொலை!"

"ஐயையோ, அமோஸ் கண்ணையா? நீயே போயேன்."

"நான் தொடவே மாட்டேன்! பணத்துல ஒரு சென்ட்கூட வேண்டாம்!"

"சத்தியமா?"

"பைபிள் மேல!"

"இரு, எடுத்துட்டு வரேன்."

சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினாள். சாயங்காலம் வாசலில் ஒரு நீல நிறக் கார் வந்து நின்றது. புதுசில்லை, ஆனால் ஓட்டி வந்தது லியோட்டா. தலையில் புதுத் தொப்பி.

"அந்த ஆள் லென்ஸ் வெச்சுப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துட்டார்," என்றாள்.

ஹார்லன் கதவிடுக்கிலிருந்து தலையை மட்டும் நீட்டினான். "அமோஸ் இனிமே வரமாட்டானே?"

"எப்படி வருவான்? அவன் கண்ணுல வெச்சது செப்புக் காசு. அது அவனோடயே குழிக்குள்ள போயாச்சு. உன் கருவிப்பெட்டிக்கு ரெண்டு சாவி ஹார்லன். சுவர்ல அப்பினது அடுப்புச் சாம்பல், ஜன்னலுக்கு வெளிய காசைச் சுண்டினது நான். அப்புறம், ஐஸ்பெட்டியில வெச்சா வெள்ளி எவ்வளவு சீக்கிரம் சில்லுன்னு ஆயிடுது தெரியுமா?"

"அப்போ... அந்த டாலர் யாரோடது?"

லியோட்டா தொப்பியைக் கழற்றித் தூசி தட்டினாள்.

"உங்கப்பா எனக்குக் கொடுத்த கல்யாணப் பரிசு. 'பத்திரம்மா, என் பையன் கண்ணுல மட்டும் காட்டிடாத'ன்னு சொல்லித்தான் கொடுத்தார்."