அமைதிக் கூடத்தின் திறப்பு விழா

மைக்கும் மேளமும் வைத்து அமைதிக்கென்றே திறக்கப்பட்ட அறை, உலகத்திலேயே பெங்களூரில் ஒன்றுதான் இருக்கிறது. அந்தப் பெருமை ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் டாக்டர் கணேசமூர்த்தியையே சேரும்.

அறையில் ஒரு இன்குபேட்டர். அதற்குள், எலும்பு மஜ்ஜையைப் போலவே அமைத்த மெத்தையில், ரத்த ஸ்டெம் செல்கள் உறங்கின. உறங்குவதுதான் அவற்றின் உத்தியோகம். இருட்டு, குறைந்த ஆக்ஸிஜன், நச்சரிக்காத அண்டைச் செல்கள்: இவ்வளவும் இருந்தால் உறங்கியபடியே நெடுநாள் தாங்கும். எழுப்பிவிட்டால் பதறிப் பெருகி, சாதாரண ரத்தச் செல்களாகித் தீர்ந்துபோகும். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலேறி வரும் தற்காலிக ஆய்வாளர் சங்கமித்ரா, வெள்ளிக்கிழமைவரை அவற்றைத் தூங்கவைத்துவிட்டால் அவளுடைய வேலை நீடிக்கும்.

திறப்பு விழா புதன்கிழமை. வாழைக்கன்று, நாதஸ்வரம். இன்குபேட்டரின் நெற்றியில் குங்குமம்.

"சார், வெளியிலயே முடிச்சுக்கலாமே? இன்குபேட்டர் கதவத் தெறந்தா காத்து பூந்துடும்" என்றாள் சங்கமித்ரா.

"நீ ஏம்மா டென்ஷன் ஆவுற? செல்லே நிம்மதியா தூங்குது!"

நிர்வாக அதிகாரி மமதா செல்போனை உயர்த்தினார். "கண்ணாடில லைட் அடிக்குது சார். பாகிலு தெகீரி!"

கதவு திறந்தது. நன்கொடை தந்த சிறப்பு விருந்தினர் உள்ளே குனிந்து, "ஹலோ செல்ஸ்!" என்றார். பலத்த கைதட்டல். கண்ணை மூடிவிட்டாராம், இன்னொரு படம். பிறகு அவர் மனைவி. பிறகு மச்சினர். கடைசியில், திறந்த கதவின்மேல் கையை ஊன்றிக்கொண்டு, 'தொந்தரவற்ற சூழலின் மகிமை' பற்றி இயக்குநர் உரையாற்றத் தொடங்கினார்.

"கதவ மூடுங்க சார்!"

சங்கமித்ரா போட்ட சத்தத்தில் நாதஸ்வரமே நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை ஒரு ஸ்டெம் செல்கூட மிஞ்சவில்லை. உடனே விசாரணைக் குழு கூடியது. தலைவர்: டாக்டர் கணேசமூர்த்தி.

"மேளம் வாசிச்சாங்களே சார்?"

"அது மங்கள இசைம்மா. சத்தத்துல சேராது."

"கதவத் தெறந்து வெச்சது?"

"தெறக்காம எப்படிம்மா திறப்பு விழா?"

குழு ஏகமனதாக முடிவுசெய்தது: அன்று கூடத்தின் அமைதி ஒரே ஒருமுறைதான் குலைந்தது. குலைத்தவர் சங்கமித்ரா. அவளுடைய வேலை நீடிக்கவில்லை.

இந்த வருடத்தின் 'சிறந்த தொந்தரவற்ற சூழல்' விருது அமைதிக் கூடத்துக்கே கிடைத்தது. முழுத் தகுதி உண்டு: உள்ளே தொந்தரவுபட ஸ்டெம் செல்லும் இல்லை, சத்தம்போடச் சங்கமித்ராவும் இல்லை. இயக்குநர் விருதோடு நிற்கும் படத்தை வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். நன்றாகப் பாருங்கள், அவர் முதுகுக்குப் பின்னால் அந்தக் கதவு இன்னும் திறந்தே கிடக்கிறது.