அணையாத கம்ப்யூட்டரும் நான்காவது வரனும்

கூடத்தில் இரண்டு பேர். மேசைக்கு முன்னால் நாற்காலியில் முருகப்பன். ஊஞ்சல் நுனியில், பட்டுச்சேலை கசங்காமல் அவர் மனைவி சிவரஞ்சனி. வாசலில், காருக்குள் டிரைவர் பெத்தன். மேசை மேல் கம்ப்யூட்டர். அதையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம்; அன்று காலை அந்தச் செக்காலை ரோட்டு வீட்டில் அது நினைத்ததுதான் நடந்தது.

கொத்தமங்கலத்தில் முருகப்பனின் அக்காள் தேனம்மை வீட்டுக்கு நெற்குப்பையிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். தாய்மாமன் இல்லாமல் அங்கே பேச்சே நடக்காது என்பது முருகப்பனின் திடமான எண்ணம். முன்பு வந்த மூன்று வரன்களும் அவர் கேட்ட கேள்விகளுக்குத் தாக்குப்பிடிக்காமல், காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனவை. அக்காள் மகளுக்கு இருபத்தெட்டு நடக்கிறது. நான்காவது வரனுக்கான கேள்விகளைக் கம்ப்யூட்டரில் அடித்து, மனப்பாடமும் செய்தாகிவிட்டது. இனி அதை அணைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

அணைத்தார். திரை இருண்டது.

"முறைப்படி செஞ்சா எதுவும் கட்டுப்படும்" என்று செருப்பை மாட்டினார். போன் அடித்தது.

"முருகப்பா, கெளம்பிட்டியா?" அக்காள் தேனம்மைதான்.

"இந்தா, வாசல்ல நிக்கேன் ஆச்சி."

வைத்துவிட்டுத் திரும்பினால் திரை ஜோராக எரிந்துகொண்டிருந்தது.

"என்னங்க, மறுபடி முழிச்சிருச்சு?"

"மவுசு ஆடியிருக்கும். இதுகூடத் தெரியாதா?" மவுசைப் பிடுங்கினார். மவுசு இல்லாமல் எதை அமுக்கி அணைப்பது என்பது பிறகுதான் உறைத்தது. கீபோர்டிலேயே தட்டித் தடவி, வேர்த்து விறுவிறுத்து அணைத்தார்.

போன் அடித்தது.

"இன்னுமா வாசல்ல நிக்கிறே? மாப்பிள்ளை வீட்டுக்காரக வந்துருவாகடா!"

திரும்பினார். எரிந்தது.

பெத்தன் உள்ளே எட்டிப் பார்த்தான். "அண்ணே, பிளக்கப் புடுங்கி விட்டுட்டு வாங்க. நேரமாகுது."

"ஐயையோ, புடுங்கிறாதீக!" சிவரஞ்சனி ஊஞ்சலை விட்டே இறங்கிவிட்டாள். "வித்தவரு என்ன சொன்னாரு? உள்ள இருக்கதெல்லாம் அழிஞ்சுபோகும்னாருல்ல? கஷ்டப்பட்டு அடிச்ச கேள்வியெல்லாம் என்னாகிறது?"

"அப்படிச் சொல்லு! கீபோர்டுல எறும்பு கிறும்பு ஓடியிருக்கும். இப்பப் பாரு."

அணைத்தார். அணைத்த கையோடு கீபோர்டையும் பிடுங்கினார். போன் அடித்தது.

"ஆச்சி, வச்சிரு! வந்துக்கிட்டே இருக்கேன்!"

இந்தத் தடவை பெட்டி எரிந்ததோடு நிற்காமல் கூவவும் செய்தது. கீபோர்டைக் காணோம், மேற்கொண்டு போக ஒரு கீயை அமுக்கு என்று திரையில் இங்கிலீஷில் எழுதிக் காட்டியது.

"இல்லாத கீபோர்டுல எங்கிட்டுப் போயி அமுக்குறது?" என்றார் முருகப்பன் அதனிடமே. திரும்பச் சொருகினார். கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை.

ஆனாலும் அவர் அசரவில்லை. "இத இந்தக் கோலத்துல விட்டுட்டு வர முடியாது. நீ முன்னால போ. நான் இல்லாட்டி என்ன, என் கேள்வி வரும்."

மார்ஜின் விட்டு, நம்பர் போட்டு, மூன்று தாள் எழுதினார். கடைசியில், 'மேற்படி கேள்விகளுக்குத் திருப்தியான பதில் வரும்வரை தாம்பூலம் மாற்ற வேண்டாம்' என்று எழுதி அடிக்கோடிட்டார். கவரில் போட்டுப் பசை தடவி, நாலு மூலையும் அழுத்தி ஒட்டினார்.

"மாப்பிள்ளை கையிலயே குடுக்கணும்."

"சரிங்க."

கடிதத்தைக் கைப்பையின் அடியில் வைத்துக்கொண்டு சிவரஞ்சனி காரில் ஏறினாள். கார் தெருமுனை திரும்பியதும் முன்சீட்டைத் தட்டினாள்.

"பெத்தா, அந்தப் போன் பூத்துல நிப்பாட்டு. 'போன் அடிச்சது போதும், தாம்பூலத்த எடுத்து வைங்க'ன்னு தேனம்மை ஆச்சிக்குச் சொல்லணும். பெட்டி முதுகுல போன் வயரு சொருகியிருக்கு, இங்குட்டுப் போன் அடிச்சா அது முழிச்சுக்கிரும்னு அவுகளுக்குச் சொல்லிக் குடுத்ததே நாந்தானே!"