நான் கூப்பிட்டு வந்த ஆலோசகர்

இனி இந்த வீட்டில் ஒன்று நான் இருக்க வேண்டும், இல்லை அந்த அட்டைப்பெட்டிகள் இருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு அப்படி முடிவெடுத்தேன்.

கூடம் முழுக்கக் காலி அட்டைப்பெட்டிகள். எல்லாம் ஒரே மாதத்தில் என் மனைவி மளிகைக்கடையிலிருந்து சுமந்து வந்தவை. நாற்காலியில் உட்காரப் பெட்டிகளிடம் அனுமதி கேட்க வேண்டும்.

"எதுக்கு இதெல்லாம்?"

"இருக்கட்டும். என்னைக்காவது உதவும்."

"என்னைக்கு?"

"உங்க கைடெல்லாம் உதவுற அன்னைக்கு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் கைடும் இதுவும் ஒன்றா? எங்கள் குடும்பத்திலேயே முதலில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். எழுதிய தேர்வு, எழுதாத தேர்வு, எல்லாவற்றுக்கும் கைடும் ஜெராக்ஸும் வைத்திருக்கிறேன். பின்னறையில், கூரை வரைக்கும். கூடவே பழைய சார்ஜர்கள், ஓடாத கடிகாரங்கள், பிடி போன குடைகள். அது சேமிப்பு. போன மாதம் ஓர் அடுக்கு சரிந்து, தவழ்ந்து போன எங்கள் குழந்தையின் காலருகே விழுந்தது உண்மைதான். அது அடுக்கிய விதத்தின் கோளாறு. அன்றிலிருந்து என் மனைவி அதைப் பற்றிப் பேசவே இல்லை. புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன்.

இணையத்தில் தேடிப் படித்தேன். எதையும் வீச முடியாமல் சேர்த்துக்கொண்டே போவது ஒரு நோயாம். திட்டினால் போகாதாம். தெரியாமல் தூக்கிப் போட்டால் இன்னும் மோசமாகுமாம். ஒரு பெட்டியின் மேலேயே ஒரு மனநல ஆலோசகரின் கார்டு கிடந்தது. உடனே போன் போட்டேன். "வீட்டுக்கே வந்து பாருங்க மேடம், அவசரம்."

வந்தார். நான் கூடத்தைக் காட்டினேன். அவர் நேரே பின்னறைக்குப் போனார்.

"மேடம், நோயாளி கூடத்துல இருக்கா."

"இதுல ஒண்ணைத் தூக்கிப் போடணும்னா எதைப் போடுவீங்க, சார்?"

"எதுக்குப் போடணும்?"

"சும்மா நினைச்சுப் பாருங்க. நெஞ்சு படபடங்குதா?"

படபடத்தது. கோபத்தில் என்றேன்.

பின்னறைக் கதவில் சாய்ந்து நின்ற என் மனைவி வாயைத் திறந்தாள். "போன மாசமே இவங்களைப் போய்ப் பாத்தேங்க. சம்பந்தப்பட்டவரே கூப்பிட்டாத்தான் வருவேன்னுட்டாங்க. உங்களைக் கூப்பிட வைக்கணுமே. அதான் பெட்டி."

"அப்போ உனக்கு வியாதி இல்லை?"

"கடைக்காரர் சாயங்காலம் வந்து எடுத்துக்குவார்."

நான் கத்த ஆரம்பித்தேன். நான் கத்தி முடிக்கும் வரை ஆலோசகர் காத்திருந்தார்.

"இது சோம்பேறித்தனமும் இல்லை, கெட்ட புத்தியும் இல்லை, சார். பயம். மெதுவாப் போகலாம். இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு. நீங்களே எடுத்து, நீங்களே போடணும்."

கொதித்துக்கொண்டே ஒரு செத்த சார்ஜரை எடுத்துப்போய்த் தெருமுனைத் தொட்டியில் வீசினேன். இருட்டியதும் வந்து எடுத்துக்கொண்டால் போகிறது. நிம்மதியாகத் திரும்பினேன்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் மனைவி எனக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள்.

"நீங்க வீட்டுக்குப் போங்க. குப்பை வண்டி வர்ற வரைக்கும் நான் இங்கேதான்."