மேடம், கொஞ்சம் காலைக் குடுங்க

காஞ்சிபுரத்திலேயே பெரியவர்களைத் துளியும் மதிக்காமல், பச்சைக் குழந்தைகளுக்கு மட்டும் மரியாதை கொடுத்த ஒரே ஆள் குதிகால் அக்காதான். எங்கள் மகள் பிறந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிறந்த குழந்தைகளின் குதிகாலில் குத்தி, பரிசோதனைக்குச் சொட்டு ரத்தம் எடுப்பார். பெயர் அப்படி வந்ததுதான்.

டிஸ்சார்ஜ் ஆகும் காலையில் வந்தார். என் மாமனார் குறுக்கே நின்றார்.

"கொழந்த கொழுகொழுன்னு இருக்குது. எதுக்கும்மா டெஸ்ட்டு?"

"பார்த்தா தெரியாததைத்தான் டெஸ்ட்டுல பாக்குறது. நவுருபா" என்றவர், மகளிடம் குனிந்து குழைந்தார். "மேடம், கொஞ்சம் காலைக் குடுங்க. எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும். கோச்சிக்காதீங்க."

மேடம் ஆஸ்பத்திரியே அதிர அலறினாள். மாமனார் அவளைவிடச் சத்தமாக அழுதார்.

"மேடமே நிறுத்திட்டாங்க. நீ இன்னும் அழுதுக்கினு இருக்கியே!" என்று அவர் கண்ணைத் துடைக்கவும் ஒரு பஞ்சைக் கொடுத்தார் அக்கா.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவின் தறிச் சத்தத்தில் எனக்கு எங்கே கேட்கும்? அக்காவே ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டார். தெருப் பெயர் தெரியும், வீடு தெரியாது. எங்கள் முகமும் அவருக்கு நினைவில்லை; தான் குத்திய குதிகால்தான் நினைவு. கைக்குழந்தை இருந்த வீடெல்லாம் புகுந்து, போர்வையை விலக்கிப் பாதத்தைப் பார்த்திருக்கிறார். எதிர்வீட்டுப் பையனிடம், "மன்னிச்சுக்குங்க சார், நீங்க இல்ல" என்று சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார்.

"போனை எடுக்க மாட்டியாபா? இவங்களுக்குத் தைராய்டு கம்மின்னு வந்திருக்குது. இன்னொரு வாட்டி ரத்தம் பாக்கணும். கெளம்பு."

என் மனைவி அழ ஆரம்பித்தாள். "என் கொழந்தைக்கு என்னாவுங்கக்கா?"

"கவனிக்காம வுட்டா மூளை வளர்ச்சி கெடும். மாத்திரையை இப்பவே ஆரம்பிச்சா, எல்லாரு மாதிரியும் வளருவாங்க. அப்புறமா அழு. மொதல்ல மேடத்துக்குக் குல்லா போடு."

மறுபரிசோதனையிலும் அதேதான். டாக்டர் அன்றே மாத்திரையை ஆரம்பித்தார். தினமும் பொடித்துத் தாய்ப்பாலில் கரைத்துக் கொடுத்தோம். மாமனார் அடியோடு மாறிப்போனார். தெருவில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும், ஆணா பெண்ணா என்று கேட்பதற்கு முன், "குதிகால்ல ரத்தம் எடுத்தாங்களா?" என்று கேட்டு மிரட்டுகிறார்.

மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு. போன மாதம் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தோம். நன்றி சொல்ல மனைவி வாயெடுத்தாள். மகள் முந்திக்கொண்டு, டீச்சர், விழுந்த பல், பக்கத்து வீட்டுப் பூனைக்குட்டி என்று மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தாள். அக்கா ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் ஏற வேண்டிய பஸ் வந்து, நின்று, போயே போய்விட்டது.