பூட்டுப் போட்ட போனை நான் ஏன் வாங்கினேன்

லெவுக்கா,
செவ்வாய்க்கிழமை காலை.

மதிப்பிற்குரிய மச்சான் அபிசாய் அவர்களுக்கு, கித்தியோனி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே உன் தங்கையின் இடது முழங்காலைத் தவிர எல்லாரும் நலம். பிரிஸ்பேனில் நீயும், அடுத்த மாதம் பிள்ளை பெறப்போகும் என் மகள் அலுமிதாவும் சுகமாக இருக்கக் கடவுள் அருளட்டும்.

போன ஞாயிறு, "கம்பெனிக்காரன் பூட்டுன போனையா வாங்கின? ஒன்ன மாதிரி ஏமாளி ஃபிஜி முழுக்கத் தேடுனாலும் கெடைக்கமாட்டான் மச்சான்" என்று சிரித்துவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாய். அந்தப் பதில்தான் இந்தக் கடிதம்.

பிரிஸ்பேனில் பன்னிரண்டு வருஷம் இருந்ததில் நீ கெரெகெரேயை மறந்திருப்பாய். சொந்தக்காரன் வந்து "கெரெகெரே" என்று ஒரு பொருளைக் கேட்டால் இல்லையென்று சொல்ல எனக்கு இன்றும் நாக்கு எழாது. அலுமிதா அனுப்பிய முதல் போனை என் தம்பி எமோரி கேட்டான், கொடுத்தேன், அவன் மீன் பிடிக்கப் போய் அதைக் கடலில் போட்டுவிட்டு, அன்றிலிருந்து சிம்மை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு யார் கையில் போன் இருக்கிறது என்று பார்த்துத் திரிகிறான். இரண்டாவதைப் பாதிரியார் கேட்டார், சிம்மோடு கொடுத்தேன். தான் கர்ப்பமாக இருக்கும் செய்தியை அலுமிதா அந்தப் போனில்தான் சொல்லியிருக்கிறாள். அவர் மகிழ்ந்துபோய் ஞாயிறு ஆராதனையில் சபைக்கே அறிவித்தார். பெற்ற தகப்பன் நான் நாலாவது வரிசையில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது, மச்சான்.

மறுவாரமே சூவாவுக்குக் கப்பலேறினேன். அது ஜனவரி மாதம். கடையில் ஒரே போன் இரண்டு விலைக்கு இருந்தது. பூட்டியது இருநூற்றெண்பது டாலர், பூட்டாதது ஐந்நூற்று நாற்பது.

"மாமா, வெல கம்மின்னு ஏமாந்துராதீங்க. இதுல எங்க சிம் மட்டுந்தான் எடுக்கும்" என்றாள் விற்கிற பெண்.

"வேற கம்பெனி சிம்ம போட்டா?"

"எடுக்காது."

"என் கூடப்பொறந்த தம்பி போட்டா?"

"யாரு போட்டாலும் எடுக்காது மாமா."

"சத்தியமா?"

நான் கவலைப்படுகிறேன் என்று நினைத்து, பாவம், விலை கூடிய போனைத் துடைத்து என் முன்னால் வைத்தாள். இன்னும் நூறு டாலர் சேர்த்துக் கேட்டிருந்தாலும் நான் பூட்டியதைத்தான் வாங்கியிருப்பேன்.

ஊரில் எல்லாரும் வைத்திருப்பது வேறு கம்பெனி சிம். என் கம்பெனிக்கு இங்கே கோபுரம் கிடையாது. கோயில் கழிப்பறைக்குப் பின்னால் நின்றால்தான் கொஞ்சம் சிக்னல் வரும். நிற்கிறேன். எமோரி வந்து சிம்மைப் போட்டுப் பார்த்தான், எடுத்தான், துடைத்து மறுபடி போட்டான். "அண்ணே, இது என்ன இப்பிடிக் கஞ்சப் போனா இருக்கு!" என்று திட்டிவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான். ஆறு மாதமாக என் கையிலேயே இருக்கிறது. உன் தங்கைக்குப் பிறகு இவ்வளவு காலம் என்னோடு தங்கியது இதுதான். இப்போது சொல், ஏமாளி யார்? பேரப்பிள்ளை பிறந்ததை இந்தத் தடவை நான்தான் முதலில் கேட்பேன், பாதிரியாருக்கு நான் சொல்வேன்.

அலுமிதாவுக்கு என் ஆசீர்வாதம். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
ஏமாறாத மச்சான்,
கித்தியோனி.

பி.கு.: கழிப்பறைக்குப் பின்னால் நின்று உறையை ஒட்டும்போது போனில் ஒரு செய்தி வந்தது. கண்ணாடி அகப்படவில்லை. அலுமிதாவுக்கு வலி எடுத்துவிட்டதோ என்று பதறி, பக்கத்தில் இருந்த எமோரியிடம் நீட்டி, "சத்தமாப் படிடா" என்றேன். படித்தான். ஆறு மாதம் எங்களோடு இருந்ததற்கு நன்றி, உங்கள் போனின் பூட்டை இலவசமாக நீக்கிவிட்டோம், இனி எந்த சிம்மையும் போடலாம் என்று கம்பெனி எழுதியிருந்தது. "அண்ணே, கெரெகெரே" என்று சட்டைப் பையில் கையை விட்டான். இப்போது வேலியோரம் நின்று யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறான். அலுமிதாவை இனி அவன் எண்ணுக்கே பேசச் சொல். நான் எப்போது தாத்தா ஆனேன் என்பது, எமோரி கடலிலிருந்து கரைக்கு வந்த பிறகு எனக்குத் தெரியும்.