சத்தம் போடாத விசிறி தேடுபவர்

அமைதியை விரும்புகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையினர் ஏதாவது ஒரு மூலையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. இன்னொரு வகையினர் கையில் திருப்புளியோடு உட்காருவார்கள். நான் சொல்ல வந்தது இந்த இரண்டாவது வகையைப் பற்றி. மேஜைக் கணினியின் பெட்டிக்குள் சுற்றும் சின்ன விசிறிகள் சத்தம் போடுகின்றன என்று ஒருநாள் திடீரென்று கண்டுபிடித்து, அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, சத்தமே போடாத விசிறியைத் தேடிப் புறப்பட்டவர் இவர். உங்களுக்கு இவரைத் தெரியும். உங்கள் அலுவலகத்தில் ஒருவர் இருப்பார். இல்லையென்றால் உங்கள் அக்காவைக் கட்டியவர் அப்படி இருப்பார்.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். உங்கள் வீட்டுக்கு வருவார். நீங்கள் புதிதாக வாங்கிப் போட்டிருக்கும் சோபாவையோ, தவழ ஆரம்பித்திருக்கும் குழந்தையையோ பார்க்கமாட்டார். செருப்பைக் கழற்றிய இடத்திலேயே நின்று, தலையை லேசாகச் சாய்த்து, உடம்பு சரியில்லாதவரை விசாரிக்க வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "உள்ள கம்ப்யூட்டர் ஓடுதா?" என்பார். ஓடுகிறது என்பீர்கள். "இந்தச் சத்தத்துல எப்படிங்க குடித்தனம் நடத்தறீங்க?" என்பார். அதுவரை உங்களுக்கு ஒரு சத்தமும் கேட்டிருக்காது. அவர் போன பிறகு கேட்க ஆரம்பிக்கும். இந்த வியாதி பரவுவது இப்படித்தான். தப்பித் தவறி அந்தப் பெட்டியை 'சி.பி.யூ.' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஊரே அப்படித்தான் சொல்கிறது, விற்கிற கடைக்காரரும் அப்படித்தான் சொல்கிறார். ஆனாலும் அது சி.பி.யூ. இல்லை, கேபினெட் என்று உங்களைத் திருத்திவிட்டுத்தான் காப்பியைக் கையில் வாங்குவார்.

எனக்குத் தெரிந்த ஒருவரை அலுவலகத்தில் 'நிசப்தம்' என்று கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை என்பதால் முன்னாலேயே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். இவருக்கும் இது பிறவியிலேயே வந்ததல்ல. வருஷக்கணக்காக அந்தக் கணினி ஹால் மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. மகள் அதில் படம் பார்த்தாள், மனைவி அதில் அலுவலக வேலை பார்த்தார், இவர் அதன்மேல் சாவிக்கொத்தை வைத்தார். ஒருநாள் மின்சாரம் போயிற்று. எல்லாம் ஒரே நேரத்தில் நின்றது. அந்த அமைதி இவருக்குப் பிடித்துப்போயிற்று. பிறகு மின்சாரம் வந்தது, வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், இவர் மட்டும் மெல்லத் திரும்பி அந்தப் பெட்டியைப் பார்த்தார். அன்றோடு அந்த வீட்டின் நிம்மதி போயிற்று.

முதலில் படித்தார். சின்ன விசிறி அவசரமாகச் சுற்றும், அதனால் கத்தும். பெரிய விசிறி நிதானமாகச் சுற்றியே அதே காற்றைத் தள்ளிவிடும், அதனால் வாயை மூடிக்கொண்டிருக்கும் என்று தெரிந்துகொண்டார். இரும்புத் திருகாணி போட்டால் அதிர்வு பெட்டிக்கு இறங்கும், ரப்பர் ஆணி போட்டால் இறங்காது என்று தெரிந்துகொண்டார். பேரிங்கில் எத்தனை ஜாதி, எது எந்த வயதில் முனக ஆரம்பிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மகள் எந்தப் பாடப்பிரிவில் சேர்ந்திருக்கிறாள் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். படித்து முடித்ததும் பார்க்க ஆரம்பித்தார். யார் யாரோ தங்கள் வீட்டு விசிறிக்கு எதிரில் மைக்கை வைத்துப் பதிவு செய்து போட்டிருக்கும் காணொளிகளை ஓடவிட்டு, காதை முழுக்க மூடும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களின் விசிறிகள் சத்தம் போடாமல் இருப்பதை மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கணினியில் அவருக்கு வேறு என்னதான் வேலை என்று கேட்காதீர்கள். விசிறிகளைப் பற்றிப் படிப்பதுதான் வேலை.

பிறகு கடைக்குப் போனார். கணினிக் கடைகள் எங்கே இருக்கும்? ஊரிலேயே அதிகமாக ஹாரன் அடிக்கும் தெருவில் இருக்கும். ஒரு பக்கம் ஜெனரேட்டர், மறுபக்கம் இரும்பு அறுக்கும் பட்டறை. நடுவில் நின்றுகொண்டு ஒவ்வொரு விசிறியாக ஓடவிடச் சொல்லி, காதருகில் பிடித்து, கண்ணை மூடி, உதட்டைப் பிதுக்கி, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார். கடைக்காரர் பொறுமைசாலி. "சார், நீங்க பேசறதே எனக்குக் கேக்கல. உங்களுக்கு எப்படி சார் இது கேக்குது?" என்று மட்டும் கேட்டார். நிசப்தம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். கேட்கத் தெரிய வேண்டும் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

வாங்கி வந்ததை வீட்டில் சோதிக்க வேண்டுமே. அதற்கு வீடு அடங்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி நிறுத்தப்பட்டது. குக்கர் விசில் அடிக்கக்கூடாது என்று உத்தரவு. சுவர்க்கடிகாரத்தின் பேட்டரி கழற்றப்பட்டது. வெளியே வெயில் கொளுத்துகிற மத்தியான வேளையில் கூரையில் சுற்றிக்கொண்டிருந்த பெரிய விசிறியும் நிறுத்தப்பட்டது, அதன் சத்தத்தில் இதன் சத்தமின்மை கேட்காது என்பதால். பெட்டிக்குள் இருக்கும் சாமான்களுக்குச் சூடு ஏறக்கூடாது என்பதற்காக ஒரு குடும்பமே வேர்த்து வழிந்தது. "அப்பா, என்னையும் அந்தப் பெட்டிக்குள்ள வச்சு மூடிடுங்க" என்றாள் மகள். அவர் பதிலுக்கு விரலை உதட்டில் வைத்தார்.

விசிறியின் சத்தங்களை அவர் தரம் பிரித்து வைத்திருந்தார். 'கரகர' என்றால் தூசி, துடைத்தால் போகும். 'டிக் டிக்' என்றால் ஏதோ ஒயர் உரசுகிறது, ஒதுக்கிக் கட்டினால் போகும். ஆனால் 'ம்' என்று ஒன்று உண்டு. ஏறாமல் இறங்காமல், ஆரம்பமும் முடிவும் தெரியாமல், அடித்தொண்டையிலிருந்து வருகிற 'ம்'. அதுதான் அவருடைய பரம வைரி. அதை ஒழிக்கத்தான் இத்தனை பாடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வீட்டில் அவர் போடுகிற ஒரே சத்தமும் அதுதான். யார் எதைச் சொன்னாலும் 'ம்'. அரிசி தீர்ந்துவிட்டது என்றாலும் 'ம்', அரிசி வந்துவிட்டது என்றாலும் 'ம்'. அவருக்குத் தன் 'ம்'கள் எல்லாம் ஒன்றுதான். அவர் மனைவிக்கு அப்படியில்லை. கடைசியில் தூக்கினால் 'என்ன சொன்னாய்' என்று அர்த்தம், இறக்கினால் 'சரி', இழுத்தால் 'இப்போது முடியாது, பிறகு பார்க்கலாம்'. இது எதுவுமில்லாமல் தட்டையாக ஒரு 'ம்' விழுந்தால், சொன்னது எதுவும் காதுக்குப் போகவில்லை என்று அர்த்தம். அந்த வீட்டில் நுட்பமான காது யாருக்கு இருந்தது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

மனைவி ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். அந்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, வேறொரு ஊரில் ஒரு கிளையையே அவர் பொறுப்பில் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மனைவிக்குப் போக ஆசை. போக பயம். புருஷனோடு உட்கார்ந்து, போனால் என்ன, போகாவிட்டால் என்ன, மகளின் படிப்பு என்னாகும், இவர் சாப்பாட்டுக்கு என்ன செய்வார் என்று நாலு வார்த்தை பேச வேண்டும். வாரம் பூராவும் பேச்செடுத்தார். எடுத்தபோதெல்லாம் விரல் உதட்டுக்குப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புது விசிறிகள் பெட்டிக்குள் ஏறிவிட்டன. பெரியவை, கறுப்பு நிறம், ரப்பர் ஆணி. நிசப்தம் தரையில் ஒருக்களித்துப் படுத்து, காதைப் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டில் ஒட்டி வைத்து, கண்ணை மூடியிருந்தார். மனைவி பக்கத்தில் வந்து நின்றார்.

"வேற ஊர்ல பிராஞ்ச் மேனேஜரா வரச் சொல்றாங்க. நாளைக்குப் பதில் சொல்லணும்ங்க. போகட்டுமா?"

"ம்."

தட்டை. மனைவிக்கு உடனே தெரிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் குனிந்து, இன்னும் நிதானமாகக் கேட்டார்.

"விளையாட்டுக்குக் கேக்கல. நானும் பாப்பாவும் கிளம்பிடுவோம். நீங்க இங்க தனியா இருக்கணும். என்ன சொல்றீங்க?"

"ம்."

அந்த அம்மாளுக்குத் தேவைப்பட்டது அனுமதி அல்ல. போகாதே என்று சண்டை போட்டிருந்தாலும் சந்தோஷமாக ஒரு பதில் சண்டை போட்டிருப்பார். கோபம் வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அழுகைதான் வந்தது. சமையலறைக்குப் போய் அழுதார், அதையும் சத்தம் போடாமல் அழுதார். அந்த வீட்டில் பழகிவிட்ட விஷயம் அது. ஹாலில் நிசப்தம் எழுந்து உட்கார்ந்து, முகம் மலர, "சுத்தமா கேக்கல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உண்மைதான். சுத்தமாகக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மனைவி அலுவலகத்தில் சம்மதம் சொன்னார். அடுத்த சில வாரங்கள் வீட்டில் சாமான்கள் குறைந்துகொண்டே வந்தன. சாமான் குறைந்தால் எதிரொலி கூடும் என்பதால் ஏதோ மாறியிருக்கிறது என்று மட்டும் அவருக்குப் பட்டது. கடைசியில் ஹாலில் பெட்டிகள் வரிசையாக நின்றபோதுதான் விஷயம் புரிந்தது.

"எங்க கிளம்பறீங்க?"

"சொன்னேனே. போகட்டுமான்னு ரெண்டு தடவை கேட்டேன். ம்னீங்க."

"நான் ஃபேனைக் கேட்டுட்டிருந்தேன்மா. அது சரிங்கிற 'ம்' இல்ல."

"தெரியும்ங்க" என்றார் மனைவி. "நான்தான் சரின்னு எடுத்துக்கிட்டேன்."

வண்டி போயிற்று. நிசப்தம் கதவைச் சாத்திவிட்டு வந்தார். இப்போது குக்கர் இல்லை, மகளின் போன் இல்லை, வளையல் சத்தம் இல்லை, எதையும் நிறுத்தச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. கணினியைப் போட்டார். விசிறிகள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவற்றுக்குப் பின்னால், கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் சின்னப் பெட்டிக்குள் இன்னொரு விசிறி இருக்கிறது; இத்தனை நாளாக அது ஒரு குடும்பத்தின் சந்தடியில் மறைந்திருந்தது. அது 'ம்' என்றது. அவருக்கு அழுகை வந்தது. ஆனால் அது அந்த விசிறிக்காக அல்ல என்பது வரை அவருக்கே புரிந்தது.

மனைவிக்குப் போன் செய்தார். சாப்பிட்டதைச் சொன்னார், சாப்பிடாததைச் சொன்னார், வீடு நன்றாக இல்லை என்றார், நீங்கள் இரண்டு பேரும் இல்லாமல் முடியவில்லை என்றார், அடுத்த வாரமே வந்துவிடட்டுமா என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. மறுமுனையில் சாமான் பிரித்து அடுக்கும் சத்தம் கேட்டது.

"ம்" என்றார் மனைவி.

அது தூக்கியதா, இறக்கியதா, தட்டையா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. போனைக் காதில் அழுத்திக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

நல்லவேளை, நீங்கள் அவரைப் போல இல்லை. உங்கள் கணினி எவ்வளவு கத்தினாலும் உங்களுக்குக் கவலையில்லை. நீங்கள் பாட்டுக்கு அமைதியாக ஒரு மூலையில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் யாரோ வந்து உங்களிடம் என்னவோ கேட்டார்கள், நீங்களும் நிமிராமலேயே ஏதோ பதில் சொன்னீர்கள். என்ன கேட்டார்கள் என்று எழுந்து போய் விசாரியுங்கள். பெட்டி கட்ட ஆரம்பித்திருந்தால் முதலில் அதைத் தடுங்கள்.